கொல்லையில் ஒன்று குறைகிறது

அண்ணன் எங்கள் கொல்லையைச் சுற்றி வெள்ளை நாடா கட்டியபோது மல்லாட்டைக்கு நூறு நாள் ஆகியிருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் இல்லை, மழையை நம்பிப் பயிர் வைக்கிற மேட்டு நிலம். எங்களுடையது ஒன்றரை ஏக்கர். செங்கம் சாலையிலிருந்து உள்ளே வரும் மண் பாதையில், விடுதிகளும் வாடகை அறைகளும் முடிகிற இடத்தில் இருக்கிறது.

அந்த விடுதிகளுக்குப் பால் ஊற்றிவிட்டு ஏழு மணி வாக்கில் திரும்பி வந்தேன். வரப்பு நெடுக முளைக்குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி துணியை இழுத்துக் கட்டியிருந்தது. அண்ணனுடைய மூன்று வேட்டிகளும் என் மனைவியின் வெள்ளைப் புடவை ஒன்றும் நாடா நாடாகக் கிழிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் முட்டி உயரம். ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை. அண்ணன் மேற்கு மூலையில் குப்புறக் கிடந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன்.

"நில்லுடா!"

அந்தக் குரலைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. நின்றுவிட்டேன்.

"இன்னாண்ணா, இன்னா ஆச்சி?"

"உள்ள கால வைக்காத. இன்னும் எடுத்து முடிக்கல. கணக்குல ஒண்ணு கம்மியா இருக்கு."

அவர் கையில் பழைய குடைக் கம்பி ஒன்று இருந்தது. அதைச் சாய்வாகப் பிடித்து மண்ணுக்குள் ஒரு விரல் நீளம் இறக்கினார். எடுத்தார். இரண்டு விரல் தள்ளி மறுபடியும் இறக்கினார். இடது கையால் செடியின் அடியில் மண்ணை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு காய் தட்டுப்பட்டது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த இரண்டு விரலுக்கு நகர்ந்தார். மல்லாட்டை பறிப்பதும் அதுவும் ஒரே மாதிரியான வேலையாகத்தான் தெரிந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினாலு. வீட்டில் மாடு இருந்தது, ஏர் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் நிற்க வேண்டும். ஐந்தாவதோடு நான் நின்றேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குப் பேச்சு வராது. மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் மேலே படித்து, ஆள் எடுக்கும் இடத்தில் ஓடிக்காட்டி, பட்டாளத்தில் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார். பாலம் போடுகிற, பாதை வெட்டுகிற, கண்ணிவெடி புதைக்கிற, அதையே திரும்ப எடுக்கிற பிரிவு. முதல் விடுமுறையில் வந்தபோது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "பாரு, உன் கை மாதிரியேதான் காய்ச்சிருக்கு. துப்பாக்கி புடிச்சதவிட மம்முட்டி புடிச்சதுதான் ஜாஸ்தி" என்று சிரித்தார்.

வடக்கே எல்லையில் பனிமலையில் சண்டை நடந்தபோது, குண்டு விழுந்து பெயர்ந்த பாதையை அன்றன்றைக்கே மூடி வண்டி போக வைத்தார். அது முடிந்து கொஞ்ச காலத்தில் எல்லை நெடுகப் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தச் சண்டை கடைசிவரை நடக்கவே இல்லை. ஆனால் அதற்காகப் புதைத்தது புதைத்ததுதான். கோதுமை வயலிலும் கடுகு வயலிலும் வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அவ்வளவையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அந்த வேலையில்தான் அண்ணன் தலைக்குள் ஒரு இரும்புத் துண்டு போனது. காயம் பட்டுக் கிடந்த கூட்டாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார் என்று பதக்கம் கொடுத்தார்கள். ஊருக்கு வந்தபோது தட்டி கட்டினார்கள், சால்வை போட்டார்கள். எல்லாரும் தம்பி எங்கே என்று தேடினார்களாம். நான் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன்.

இரும்பை எடுத்தால் ஆபத்து, இருக்கட்டும் என்று மருத்துவர்கள் விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது சும்மாதான் இருந்தது. அண்ணி இறந்த பிறகு என் வீட்டுக்கு வந்தார். குழந்தை இல்லை. பட்டாளத்து டிரங்குப் பெட்டி ஒன்றைத் தவிர எதையும் கொண்டுவரவில்லை. முதலில் செருப்பை மறந்தார், பிறகு வழியை. நகரத்து மருத்துவர், உள்ளே இரும்பு இருப்பதால் எம்.ஆர்.ஐ. என்கிற காந்தப் படம் எடுக்க முடியாது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டதையும் அண்ணன் மறந்தார். என்னை மட்டும் மறக்கவில்லை. "டேய் சின்னவனே" என்று கூப்பிடுவார். அது போதும் என்றிருந்தேன்.

நாடா கட்டிய மூன்றாம் நாள், மல்லாட்டை பறிக்க ஆள் கூட்டி வரும் மேஸ்திரியம்மா பன்னிரண்டு பெண்களோடு வந்தார். கல்லும் கரைகிற அளவு பேசுவார். அவர் பேசினால் நான் பேச வேண்டியதில்லை என்பதால் பத்து வருடமாக அவரைத்தான் கூப்பிடுகிறேன்.

"இன்னா மிலிட்டரி மாமா, கொல்லைக்குக் கல்யாணமா? தோரணம் கட்டிக்கீற?" என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

"பின்னால போங்க. எல்லாரும் பின்னால போங்க."

"மல்லாட்டையில இந்த வருசம் குண்டா காய்ச்சிக்கீது? நல்ல வெல போவும், மாமா." மறுபடி சிரிப்பு. மேஸ்திரியம்மா நாடாவைத் தூக்கிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார்.

அண்ணன் அந்தக் காலின் மேல் விழுந்தார். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து, தரையோடு அழுத்தி, அசைய விடாமல் கத்தினார். இந்தியில் கத்தினார். பிறகு தமிழில், "தூக்காத, தாயே, தூக்காத, தூக்கினாதான் வெடிக்கும்" என்று கெஞ்சினார். அவர் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் அந்த அம்மாவின் பாதத்தில் ஒழுகியது. பாதத்துக்கு அடியில் விரலை விட்டு, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்த பிறகுதான் விட்டார்.

சிரிப்பு நின்றுபோனது.  மேஸ்திரியம்மா என் பக்கம் வந்து, முதல் முறையாகத் தணிந்த குரலில் சொன்னார்: "நான் பயந்துட்டேன்னு நெனைக்காத. ஆனா இவளுங்க இனிமே எறங்கமாட்டாளுங்க. அந்த மனுசன் அழுவுறத பாத்துட்டு எவ காய் புடுங்குவா? அவர ஒரு பக்கம் உக்கார வச்சிட்டு சொல்லியனுப்பு. மேல கருக்குது, பாத்துக்கோ."

மேலே கருத்துக்கொண்டுதான் இருந்தது. ஐப்பசி பாதி ஆகிவிட்டது. கார்த்திகைத் தீபத்துக்கு மூன்று வாரம்தான். முற்றிய மல்லாட்டை மண்ணுக்குள் இருக்கும்போது நான்கு நாள் மழை பிடித்தால் அங்கேயே முளைவிடும். முளைத்த காய் எண்ணெய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒரே விளைச்சல் அதுதான். அடுத்த விதைப்புக்கு விதையும் அதிலிருந்துதான்.

அன்று மாலை என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?"

"இன்னா சொல்றது?"

"குண்டு இல்லன்னு சொல்லுங்க."

"சொன்னேன். 'நீ எண்ணினியா'ன்னு கேக்கறாரு."

 

ஒரு நாள் விடியும் முன்பே போய் நானே பறிக்கத் தொடங்கினேன். நாலு செடி பறிப்பதற்குள் வந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. எனக்கு முன்னால், நான் அடுத்து கால் வைக்க வேண்டிய இடத்தில், மல்லாந்து படுத்துக்கொண்டார். "முதல்ல என் மேல வை" என்றார். இன்னொரு நாள் அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டேன். அதைச் சொல்லக் கூசுகிறது. "ஆளு எறங்கிடுவான், ஆளு எறங்கிடுவான்" என்று கதவைப் பிறாண்டினார். அரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது இரண்டு விரலில் நகம் பெயர்ந்திருந்தது. அந்த விரலோடு நேராகப் போய்க் குடைக் கம்பியை எடுத்தார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாளன்று நானும் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் மனுவைப் படித்துக் காட்டினார். பட்டா சம்பந்தமாக ஏதோ. "உங்களுது இன்னா?" என்றார். என் கையில் வெறும் தாள்தான் இருந்தது. எங்கள் கொல்லையில் குண்டு இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? என் முறை வர நாலு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகி, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நடந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர், வெறுங்காலோடு மலையைப் பார்த்துக்கொண்டே குறுக்கு வழியாக எங்கள் கொல்லைக்குள் நடந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு நான்தான் பால் ஊற்றுகிறேன். அண்ணன் வடக்கு ஓரத்திலிருந்து "ருக்கோ!" என்று அலறினார், நில் என்பதற்கு இந்தி. அந்த அம்மா ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

பிறகு அண்ணன் அவரை நோக்கிப் படுத்தபடியே வந்தார். நாற்பது அடி இருக்கும். கம்பியை இறக்கி, எடுத்து, மண்ணைத் தள்ளி, நாடாவை இரண்டு பக்கமும் விரித்து, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை எடுத்தபடி வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தூக்கிய காலை அது முன்பு பதிந்த தடத்திலேயே திரும்ப வைக்க மட்டும் சைகை காட்டினார். தூறல் போட்டது. அந்த அம்மா நடுங்கிக்கொண்டு நின்றார். நான் பாதையில் நின்றேன். ஒன்றும் இல்லை, நீங்கள் வாருங்கள் என்று கையையாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை. காட்டினால் அவர் நடப்பார், நடந்தால் அண்ணன் நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவார் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி, வாய் வரவில்லை.

அண்ணன் கடைசியில் எழுந்து, தன் காலடித் தடத்திலேயே காலை வைத்து வரும்படி காட்டி, அவரை வெளியே கூட்டிவந்தார். அந்த அம்மா அழுதுகொண்டே அண்ணனைக் கும்பிட்டார். ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டதாகவே நம்பினார். மறுநாள் அறையைக் காலி செய்தார். விடுதிக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணனை எங்கயாச்சும் சேத்துடுங்க. இல்லன்னா நான் போலீசுக்குத்தான் சொல்லணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "நானே சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். மிலிட்டரிக்காரங்கள வச்சிப் பாத்துக்கற எடம் ஏதாச்சும் இருக்கும்ல?" என்றாள். "மாமாவ அனுப்பணும்னு எனக்கு ஆசையா? கொல்ல போயிட்டா நாம இன்னா பண்றது, அவருக்குத்தான் இன்னா போடறது?"

மழை இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. அண்ணன் தூங்கும்போது வரப்போரமாக ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். பதினெட்டுக் காயில் மூன்றில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

அன்றைக்குத்தான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவரைக் கேட்காமல் திறந்தது அதுவே முதல் முறை. பதக்கத்தைத் தேடவில்லை. ஆனால் அதுதான் முதலில் கிடைத்தது. ஒரு துணிப்பையில், எங்கள் கொல்லையின் பழைய விதை மல்லாட்டை ஒரு பிடியோடு கிடந்தது. அதற்கு அடியில் ஒரு சின்ன நோட்டு. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தொலைபேசி எண்ணைப் பெட்டி கட்டி எழுதியிருந்தார். பக்கத்தில் "கால்" என்று மட்டும் எழுதியிருந்தது.

நான் யாருக்கும் போன் செய்கிறவன் இல்லை. வருகிற போனையே மனைவியிடம் கொடுத்துவிடுவேன். மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்று, எண்ணை அழுத்தினேன்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். அண்ணன் தோளில் தூக்கி வந்தாரே, அந்தக் கூட்டாளி அவர்தான். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணு கம்மியா இருக்கு" என்று அண்ணன் சொல்வதையும் சொன்னேன். 

"தம்பி, உங்கிட்ட சாப் எதுவும் சொன்னதில்லையா?" என்றார். பட்டாளத்தில் அண்ணனை அவர்கள் சாப், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பதக்கம் வாங்கினது தெரியுங்க."

"பதக்கம் எல்லாருக்கும் தெரியும்."

அவர் சொன்னது இது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தாள் உண்டு. எத்தனை வரிசை, எத்தனை புதைத்தது என்று அதில் இருக்கும். எடுத்த எண்ணிக்கை அதோடு ஒத்துப்போனால்தான் வயலை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு வயலில் ஒன்று குறைந்தது. அந்த வயல்காரர் தினமும் வந்து வரப்பில் கைகூப்பி நிற்பார். கோதுமை விதைக்கிற பருவம் தவறிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அவர் ஒரு ஆள். அண்ணனுக்கு அப்படி இல்லை. பருவம் தவறினால் என்ன ஆகும் என்று தெரியும். ஒரு ஓரத்தில் ஒரு குழி இருந்தது. ஏதோ மிருகம் மிதித்து வெடித்த குழி. குறைந்தது அதுதான் என்று கணக்கை முடித்து அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

"அந்தக் குழிய நாங்க ஏற்கெனவே எண்ணியிருந்தோம், தம்பி. ஒரே குழிய ரெண்டு வாட்டி எண்ணிட்டோம். ஒப்படைச்ச அன்னிக்கு சாயங்காலம்தான் சாப்புக்கு அது உறைச்சுது. மறுநாள் காலைல அந்தாளு ஏரு கட்டப்போறான். யாருகிட்டயும் சொல்லல. என்ன மட்டும் கூட்டிட்டு விடிஞ்சும் விடியாம போனாரு. நான்தான் அத மிதிச்சேன்."



"எனக்கு முட்டிக்குக் கீழ போச்சி. அவருக்கு மண்டைக்குள்ள. அந்த ரத்தத்தோட என்னத் தூக்கிட்டு வந்தாரு. அது நெஜம். பதக்கத்துல எழுதினது எதுவும் பொய் இல்ல. எழுதாததுதான் அவரக் கொல்லுது."

"நீங்க அவர் மேல..."

"கோவமா? இருந்துச்சி, நாலஞ்சி வருசம். அப்புறம் நெனச்சேன், நாங்க போவலன்னா அந்த விவசாயி போயிருப்பான்." பிறகு, "நாளைக்கு முதல் பஸ்ல வர்றேன். ஒரு வெள்ளத் தாளு வாங்கி வையி" என்றார்.

மறுநாள் மழை வெறித்திருந்தது. அவர் மண் பாதையில் இறங்கி, கட்டைக் காலை வைத்து நடந்து வந்தார். பேன்ட் போட்டிருந்ததால் பார்த்தவுடன் தெரியாது, சேற்றில்தான் தெரிந்தது. அண்ணன் கிழக்கு வரிசையில் படுத்திருந்தார். இவர் நாடாவுக்கு வெளியே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"சாப், கணக்கு சரியா இருக்கு. குறைஞ்ச ஒண்ணு கிடைச்சிடுச்சி."

அண்ணன் எழுந்து வந்தார். முழங்கை இரண்டும் புண்ணாகியிருந்தன. "எங்க கிடைச்சுது?"

"வடக்கு மூலையில, சாப். நான் எடுத்தேன்."

அண்ணன் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். கால் வரைக்கும் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.  இவர் விறைப்பைக் கலைக்கவில்லை. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தாளு?" என்றார் அண்ணன்.

நான்தான் எழுதினேன். என் சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்து, அந்தக் கூட்டாளி சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்தாவதுக்குப் பிறகு என் பெயரையும் பால் கணக்கையும் தவிர நான் எதையும் எழுதியதில்லை. எழுத்து பெரிது பெரிதாக வந்தது. புதைத்தது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு, பாக்கி இல்லை. அண்ணன் வாங்கி, விரல் வைத்து இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். நகம் பெயர்ந்த விரல். பிறகு தலையை ஆட்டினார்.

"நடந்து காட்டணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கூட்டாளி சொன்னார்: "ஒப்படைக்கறப்ப அதான் வழக்கம், தம்பி. எடுத்தவங்க எல்லாரும் கைய கோத்துக்கிட்டு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வயல்ல நடப்போம். வயலுக்காரன் பாத்துட்டு நிப்பான். எங்க கால நம்பித்தான் அவன் கால வைப்பான்."

மேஸ்திரியம்மாவுக்கு மனைவி சொல்லியனுப்பினாள். என்ன சொன்னாளோ தெரியாது, பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. "புடி மாமா கைய" என்று மேஸ்திரியம்மாதான் முதலில் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். அண்ணன், கூட்டாளி, என் மனைவி, பெண்கள் எல்லாரும் வடக்கு வரப்பில் கைகோத்து நின்றார்கள். நானும் போனேன். அண்ணன் என்னை மட்டும் கையால் தடுத்து, எதிர்ப்பக்கம் போய் வரப்பில் நிற்கச் சொன்னார். நின்றேன்.

அவர்கள் செடிகளை மிதித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள். கட்டைக் கால் ஈர மண்ணில் சிக்கும்போதெல்லாம் வரிசை மொத்தமும் நின்று, பிறகு நடந்தது. அண்ணன் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர்கள் வரப்பை வந்து தொடும்வரை நான் மூச்சு விடவில்லை.

அண்ணன் தாளை என்னிடம் நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். போட்டேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்குக் கை கொடுத்தார். பிறகு இந்தியில் ஏதோ சொன்னார். மரியாதையாக, மெதுவாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி. அன்னியரிடம் உதவி கேட்கிறவரின் முகம் அது. என்னிடம் அந்த முகத்தை அவர் காட்டியதே இல்லை.

"இன்னா சொல்றாருங்க?" என்று கூட்டாளியைக் கேட்டேன்.

அவர் வேறு பக்கம் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

"உன்ன அந்த ஊரு வயலுக்காரன்னு நெனச்சிட்டாரு, தம்பி. வயல ஒப்படைச்சிட்டேன், நீங்க விதைங்கன்னு சொல்றாரு." மீதியையும் சொன்னார்: "இனிமே நான் ஊருக்குப் போலாமா, வண்டி எப்ப வரும்னு கேக்கறாரு. அங்க மல்லாட்டை புடுங்கற நேரமாம். தம்பி ஒண்டியா இருப்பானாம். அவன் வாயத் தொறந்து ஒரு ஆளக்கூடக் கூப்பிட மாட்டானாம்."

பெண்கள் நாடாவை அவிழ்த்துவிட்டு வரப்பில் நின்றார்கள். இறங்கலாம் என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியம்மாவும் அன்று பேசவில்லை. நான்தான் சொன்னேன், சத்தமாக: "எறங்குங்கம்மா."

அண்ணன் அந்தச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் பறித்தோம். ஏறக்குறையப் பாதிக் காய் முளைத்திருந்தது. மீதியைக் காயவைத்தோம். விதைக்கு மட்டும் தேறும். அண்ணனை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இப்போது அவர் யாரையும் தடுப்பதில்லை, யாரையும் பிடிப்பதில்லை. அந்தக் கொல்லையை மறந்தேவிட்டார். காலையில் குளித்து, சட்டை மாட்டி, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மண் பாதையின் ஓரத்தில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார். நாடா கட்டியிருந்த நாட்களில்கூட நான் அவருக்குத் தம்பியாக இருந்தேன்.

பால் ஊற்றிவிட்டு நான் சைக்கிளில் திரும்பும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். வண்டி எப்போது வரும் என்று அதே கேள்வியைக் கேட்கிறார். கூட்டாளி பஸ் ஏறும் முன்பு எனக்கு ஒரே ஒரு சொல் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். வரும் என்று அர்த்தம்.

"ஆயேகா" என்கிறேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு மறுபடி பெட்டியின் மேல் உட்காருகிறார்.